முகம் கொடுத்துப் பேச

போன வாரம் மெக்கானிக் காய்ச்சலோடு வேலையிலிருந்து திரும்பி, வாசல் அறைக் கட்டிலில் சுருண்டு விழுந்தான். அவன் மனைவி, அதாவது இந்த வீட்டு மருமகள், மருந்துக் கடைக்கு ஓடி ஒரு பெட்டி மாஸ்க் வாங்கி வந்து, வீட்டில் இருந்த நாலு பேருக்கும் சட்டம் போட்டாள். போன வாரக் கதையை அதோடு விட்டிருந்தோம். இந்த வாரமும் அதே வீடுதான், அதே நாலு பேர்தான். மூக்கும் வாயும் மட்டும் யாருக்கும் இல்லை.

சட்டம் சுலபமானது. ஒருவர் இருக்கிற அறைக்குள் இன்னொருவர் நுழைந்தால் இருவருக்கும் மாஸ்க். சாப்பாடு ஆளுக்கொரு மூலையில். ஜன்னல்களை யாரும் சாத்தக் கூடாது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் நாலு ஆணி அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் நூலும் கட்டி வைத்திருந்தாள். அவரவர் மாஸ்க் அவரவர் ஆணியில்.

"நிம்மதியா மூச்சு விடத்தானே வீடு?" என்று மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மெக்கானிக் முனகினான். "முகமூடி போட்டுக்கிட்டு நம்ம வீட்டை நாமே கொள்ளையடிக்கப் போறோமா?"

"கொள்ளையடிக்க இங்க என்ன இருக்கு? பேசாம படுங்க," என்றாள் மருமகள்.

பதில் விளையாட்டாக வந்ததே தவிர, அவளுக்கு விளையாட்டு இல்லை. பின்னறையில் அத்தை, அதாவது மெக்கானிக்கின் அம்மா, இருந்தாள். பழைய வியாதி ஒன்றில் தழும்பேறிய அத்தையின் நுரையீரல், பாத்திரம் தேய்த்துத் தேய்த்து இறுகிப்போன ஸ்பாஞ்சு மாதிரி ஆகியிருந்தது. கடைசியாக ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது டாக்டர் மருமகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை நெஞ்சுல சளி கட்டினா தாங்க மாட்டாங்க. வீட்டுல யாருக்காவது காய்ச்சல், இருமல்னு வந்தா அவங்க கிட்டயே விடாதீங்க" என்று சொல்லியிருந்தார். அதை அவள் கணவனிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

சட்டத்தை மூச்சு விடாமல் ஏற்றுக்கொண்டவர் மாமா ஒருத்தர்தான். மொட்டை மாடியில் தனியாகத் துணி காயப்போடும்போதும் மாஸ்க் போட்டிருப்பார். தூங்கும்போதும் போட்டிருப்பார். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மாமாவுக்கு இந்த வீட்டில் 'சரியப்பா' என்று பெயர். மெக்கானிக் சின்னப் பையனாக இருந்தபோது வைத்த பெயர். எதைச் சொன்னாலும் "சரி" என்பார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். மெக்கானிக் தன் காதல் விவகாரத்தைப் பயந்து பயந்து வீட்டில் போட்டு உடைத்தபோதும் அப்படித்தான். அத்தை அவர் பக்கம் திரும்பி, "இவன் ஒரு பொண்ணை விரும்பறானாம், கட்டிக்கறேங்கறான்" என்றாள். அவர் "சரி" என்றுவிட்டு டிவியைப் பார்க்கத் தொடங்கினார். இடி விழும் என்று எதிர்பார்த்திருந்த பிள்ளைக்குத் தூறல்கூட விழாத ஏமாற்றம்.

அத்தைக்கும் ஒரு பெயர் உண்டு, 'ரிப்பீட்டு'. யார் என்ன பேசினாலும் அதைக் கணவரின் முகத்தைப் பார்த்து ஒரு தடவை திருப்பிச் சொல்லாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். "பால் தீர்ந்துபோச்சாம்." "வெளியே மழையாம்." ஒரே கூரைக்குக் கீழே ஒரு சரியப்பாவும் ஒரு ரிப்பீட்டும் இருந்தால் சிரிப்புக்கு என்ன பஞ்சம்?

மருமகளுக்கு மட்டும் அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருந்தது. அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமா அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பின்னால் நின்று "மாமா, டீ" என்றால் திரும்பக்கூட மாட்டார். அத்தை வந்து சொன்னால் எடுத்துக் குடிப்பார். காதலித்து வந்தவள் கையால் வாங்கிக் குடிக்க மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது என்று அவளும் விட்டுவிட்டாள். மற்றபடி குறை சொல்லவும் முடியாது. டிவியைச் சத்தமே வைக்காமல் பார்க்கிற மாமனார் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

இத்தனைக்கும் அவள் பிழைப்பே பேச்சு. ஒரு கூரியர் கம்பெனிக்கு வருகிற புகார்களையெல்லாம் வீட்டின் சாமான் அறையில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள்தான் கேட்பாள். பார்சல் உடைந்துவிட்டது என்று எரிந்து விழுகிறவர்கள்கூட அவள் பேசி முடிப்பதற்குள் "சரிங்க மேடம், பரவாயில்லைங்க மேடம்" என்று இறங்கி வந்துவிடுவார்கள். கணவன் அவளை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவான். ஊரையே பேசிச் சமாளிக்கிறவளுக்கு மாமனார் ஒருத்தர் மட்டும் மசியவில்லை.

இன்று காலை கிளினிக்கிலிருந்து போன் வந்தபோது அவள் அடுப்படியில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள்தான் வந்து நாலு பேர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்துப் போயிருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஃப்ளூ. அது நாம எதிர்பார்த்ததுதான்," என்றாள் கிளினிக் பெண். "உங்களுக்கும் மாமியாருக்கும் இப்போதைக்கு இல்ல. உங்க மாமனாருக்கு இருக்கு."

"மாமாவுக்கா? அவருக்குக் காய்ச்சலே இல்லையே!"

"சில பேருக்குத் தெரியாது. ஆனா அவங்ககிட்டேருந்து பரவும். அந்த அம்மா ரூம்லேருந்து அவரை உடனே பிரிச்சுடுங்க. டாக்டர் மத்தியானம் பேசுவார்."

மருமகள் அடுப்பை அணைத்தாள். மாமா சமையலறை மேஜையில் குனிந்து, வாணலியின் ஆடுகிற கைப்பிடிக்குச் சின்ன ஆணி அடித்து இறுக்கிக்கொண்டிருந்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்று, புகார் பிரிவுக்கென்றே வைத்திருக்கிற தெளிவான குரலை எடுத்தாள்.

"மாமா, ரிசல்ட் வந்திருச்சு. உங்களுக்கும் இருக்காம். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா நீங்க இனிமே அத்தை ரூமுக்குள்ள போகக் கூடாது. ஹால்லயே படுத்துக்குங்க. அத்தைக்கு வேணுங்கறதை நான் பார்த்துக்கறேன்."

மாமா நிமிர்ந்தார். மாஸ்க்கின் மேல் விளிம்பு வழியாக ஏறிய மூச்சில் அவர் மூக்குக்கண்ணாடி பாதி வரை வெள்ளையாகப் பனித்திருந்தது. அவள் கண்களைக் கொஞ்சம் பார்த்தார்.

"சரிம்மா," என்றார்.

"அத்தை ரூமுக்குப் போகவே கூடாது. சரியா மாமா?"

"சரிம்மா."

மறுபடி வாணலியிடம் குனிந்துவிட்டார். உனக்கு வியாதி வந்திருக்கிறது என்று சொன்னால் ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாரா ஒரு மனுஷர்? சரியான கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஹாலில் மடக்குக் கட்டிலை விரித்துப் போட்டாள்.

அத்தைக்கு டீ கொண்டு போனாள். அத்தை ஜன்னலோரம் தலையணையில் சாய்ந்திருந்தாள். மருமகளைப் பார்த்ததும் மாஸ்க்கை மூக்குக்கு மேல் ஏற்றிக்கொண்டாள்.

"போன்ல யாரு?"

"ஆபீஸ்லேருந்து அத்தை."

"உன் கண்ணு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"மாஸ்க் போட்டா எல்லார் கண்ணும் ஒரு மாதிரிதான் இருக்கும்."

அத்தை சிரிக்கப் போனாள். சிரிப்புக்குப் பதில் இருமல் வந்தது. "புரை ஏறிடுச்சு," என்றாள். டீயை அவள் இன்னும் தொடவே இல்லை என்பது மருமகளுக்கு அப்போது உறைக்கவில்லை. மாமாவின் ரிசல்ட்டைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. பயந்தால் அத்தைக்கு மூச்சு வாங்கும். எதற்கு வீணாகக் கலக்க வேண்டும், மாமாவிடம்தான் சொல்லியாகிவிட்டதே என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

சாமான் அறையில் அரிசி டின்னுக்கும் பழைய தையல் மிஷினுக்கும் நடுவே அவளுடைய ஆபீஸ். ஹெட்போன் காதில் ஏறினால் வீடு இடிந்து விழுந்தாலும் கேட்காது. இன்று பார்த்து விடாமல் ஒருத்தர் பிடித்துக்கொண்டார். மகளுக்கு அனுப்பிய கடிகாரம் போய்ச் சேரவில்லையாம்.

"நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குதுங்க சார்."

"கேக்குதுன்னா பதில் சொல்லுங்க! சும்மா சரிங்க சரிங்கன்னா என்ன அர்த்தம்?"

அவரைச் சமாதானம் செய்து, கடிகாரம் எந்த ஊரில் தூங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய இடைவேளையில் பாதி ஓடிவிட்டது.

வெளியே வந்தாள். மடக்குக் கட்டில் விரித்த மேனிக்கே கிடந்தது. உட்கார்ந்த சுருக்கம்கூட இல்லை. மொட்டை மாடியில் இருப்பார் என்று நினைத்து, தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். கதவுக்குப் பின்னால், நீல நூல் கட்டிய ஆணியில், மாமாவின் மாஸ்க் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தை மதிக்கிறவர், தன் ஆணியில் ஒழுங்காக மாட்டிவிட்டுத்தான் போயிருந்தார்.

பின்னறையிலிருந்து மாமாவின் சிரிப்பு கேட்டது.

கதவைத் தள்ளினாள். அத்தை கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். எதிரே முக்காலியில் மாமா. முழங்காலோடு முழங்கால் இடிக்கிற நெருக்கம். அத்தையின் மாஸ்க் மோவாய்க்குக் கீழே கிடந்தது. சத்தமே இல்லாமல், வாயை மட்டும் பெரிதாக அசைத்து, கையை ஆட்டி, யாரையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். மாமா அவள் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

அவர் திரும்பவில்லை. அத்தையின் கண் வாசலுக்குத் தாவியதைப் பார்த்துத்தான் திரும்பினார்.

மருமகளுக்குக் கட்டுக்கடங்காமல் கோபம் வந்தது. "காலையில நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? சரி சரின்னு தலையை ஆட்டினீங்களே! அத்தை செத்துப் போனாலும் உங்களுக்குப் பரவாயில்லையா?"

மாமா எழுந்து நின்றார். அவளுடைய மாஸ்க்கையே உற்றுப் பார்த்தார். பிறகு எப்போதும் போல மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"சரிம்மா," என்றார்.

அந்தக் கேள்விக்குப் பகையாளிகூட அப்படிப் பதில் சொல்ல மாட்டான். கேள்வி காதில் விழாத ஒருத்தரால்தான் சொல்ல முடியும். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் கேட்ட எல்லாச் 'சரி'யும் ஒரே நேரத்தில் அவள் மேல் வந்து விழுந்தது.

அவர் மணிக்கட்டைப் பிடித்து ஹாலுக்கு இழுத்துப் போய்க் கட்டிலில் உட்கார வைத்தாள். மாஸ்க்கைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். அவர் ஒன்றும் புரியாமல், சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை மாதிரி மாட்டிக்கொண்டார். திரும்பி வந்து அத்தையின் அறை ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, அறை வாசலில் நின்றாள்.

"அவரைத் திட்டாதேம்மா," என்றாள் அத்தை. மாஸ்க்கை ஏற்றிக்கொண்டிருந்தாள். "நீ திட்டினதே அவருக்குத் தெரியாது."

"எப்போலேருந்து அத்தை?"

"பாய்லர் பட்டறையில ஆணி அடிச்சவர் அவர். வெளியே ஒருத்தன் சம்மட்டியால அடிப்பான், இவர் பாய்லருக்கு உள்ளே உட்கார்ந்து ஆணியோட மறுமுனையை இரும்புக் கட்டையால அழுத்தி முட்டுக் கொடுக்கணும். அந்தச் சத்தத்துல அங்க யார் பேசறதும் யாருக்கும் கேக்காது. எல்லாருமே வாயைப் பார்த்துத்தான் பேசிக்குவாங்க. அதனால காது போனதே இவருக்கு ரொம்ப நாள் தெரியல." அத்தை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சப்புறம் வெளியே சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மறைச்சோம். மறைச்சதே பழக்கமாயிடுச்சு."

"உங்க பிள்ளைக்குமா தெரியாது?"

"கொஞ்சம் மந்தம்னு நினைச்சுட்டிருக்கான். நீ வந்தப்போ உன்கிட்டயாவது சொல்லிடறேன்னேன். வேணாம்னுட்டார். வந்ததும் வராததுமா செவிட்டு மாமனார்னு அந்தப் பொண்ணு நினைக்கணுமான்னார்."

"என்னைப் பிடிக்கலன்னு நினைச்சுட்டேன் அத்தை. என்கிட்ட முகம் கொடுத்துப் பேசவே மாட்டேங்கறாரேன்னு."

"அவருக்கு நாமதாம்மா முகம் கொடுக்கணும். அதைப் பார்த்துத்தான் அவருக்குப் பேச்சு." அத்தையின் கண் கலங்கியது. "மாஸ்க் வந்ததுலேருந்து அவருக்கு வீட்டுல விளக்கை அணைச்ச மாதிரி ஆயிடுச்சு. யார் என்ன சொல்றாங்கன்னே தெரியாம சுத்தி வந்தார். மனசு கேக்கல. நீ போன் ரூமுக்குள்ள போனதும் கொஞ்ச நேரம் என்னுதை இறக்கிடுவேன். சத்தம் போட்டுப் பேச வேண்டியதில்லையே, எனக்கும் மூச்சு மிச்சம்."

"தினமுமா?"

"தினமும்தான். நான் இறக்கினா போதும். ஆனா மாஸ்க் போட்டா அவர் கண்ணாடியில ஆவி படிஞ்சுடுது, என் வாய் தெரியல. அதனால அவரும் கழட்டி வச்சுட்டு வந்துடுவார். நாங்க ரெண்டு பேரும் வாசலைத் தாண்டலையே, எங்களுக்கு எங்கேருந்து வரப் போகுதுன்னு..."

"அத்தை," என்றாள் மருமகள். "மாமாவுக்கு வந்திருக்கு."

அத்தை ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"காலையில போன்ல அதைத்தான் சொன்னாங்க. மாமாகிட்ட சொன்னேன். நீங்க பயந்துடுவீங்கன்னு உங்ககிட்ட சொல்லல."

"என்கிட்ட சொல்லியிருக்கணும்," என்றாள் அத்தை.

"நீங்களும் என்கிட்ட சொல்லியிருக்கணும்."

அதில் கோபம் இல்லை. இரண்டு பேருமே ஒருத்தருக்கு நல்லது செய்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மாஸ்க் தேவைப்படவில்லை.

இனி மாமாவிடம் சொல்ல வேண்டும். எழுதிக் காட்டினால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது, பேனாவைக்கூட எடுத்தாள். உங்களால் உங்கள் மனைவி சாகலாம் என்பதைச் சீட்டில் எழுதி நீட்ட அவளுக்குக் கை வரவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பின்கதவு வழியாகப் பக்கத்துச் சந்துக்குப் போனாள். ஹால் ஜன்னலின் கண்ணாடிக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். கையை ஆட்டினாள். மாமா எழுந்து வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

அவள் மாஸ்க்கைக் கழற்றினாள். கன்னத்தில் அதன் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது. மாமாவின் முகத்தில், அதாவது தெரிந்த பாதி முகத்தில், ஒரு வெளிச்சம் வந்தது. தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, அவள் உதட்டைப் பார்த்தார். இவ்வளவு கவனமாக யாரும் இதுவரை தன் பேச்சைக் கேட்டதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வழக்கமான வேகத்தில் ஆரம்பித்தாள். அவர் கையை அமர்த்திக் காட்டினார். "மெதுவா சொல்லும்மா," என்றது கண்ணாடி வழியாக மங்கலாகக் கேட்டது.

"உங்களுக்கு, ஃப்ளூ, வந்திருக்கு."

"பூவா? யார் அனுப்பினா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "காய்ச்சல் மாமா. உங்க பிள்ளைக்கு வந்திருக்கே, அதே காய்ச்சல். உங்களுக்கும் இருக்கு."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமே பண்ணலையே."

"வெளியே தெரியாது. ஆனா இருக்கு. அது அத்தைக்கு ஒட்டினா..."

முடிக்க முடியவில்லை. முடிக்காததையும் அவர் படித்துவிட்டார். மாஸ்க்குக்கு மேலேயே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியே பின்னால் நகர்ந்தார். அத்தையின் அறையிலிருந்து எந்தச் சுவர் அதிகத் தூரமோ அந்தச் சுவரில் முதுகு இடிக்கும் வரை நகர்ந்தார். அங்கிருந்து ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. கையை எடுத்துவிட்டு மறுபடி சொன்னார்.

"அவ போதும்னுதான் சொன்னா. நான்தான் இன்னும் கொஞ்சம் பேசு, இன்னும் கொஞ்சம் பேசுன்னேன்."

அதற்குப் பிறகு மாமாவை வாசல் அறைக்கு, பிள்ளையோடு மாற்றினாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கணவனுக்கு எல்லாவற்றையும் சொன்னாள்.

"சுத்தமாவா கேக்காது?" என்றான் மெக்கானிக். காய்ச்சலில் குரல் கட்டியிருந்தது. "அப்போ நான் அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னு திட்டினதெல்லாம்?"

"கேட்டிருக்காது."

"வேலை கிடைச்சப்போ, பின்னாடியே ஓடி வந்து முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன். திரும்பாமலே போயிட்டார். அதுக்கப்புறம் ஒரு வருஷம் அவரோட சரியா பேசவே இல்லடி நான்." கதவுக்குப் பின்னால் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அது ஜலதோஷம் இல்லை.

டாக்டர் போனில் மாத்திரை சொன்னார். அத்தையின் விரலில் ஆக்ஸிஜன் அளவு காட்டுகிற கிளிப்பை மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். எண் இறங்கினால் யோசிக்காமல் கூட்டி வரச் சொன்னார். மருமகள் லீவு சொல்லிவிட்டு, மாஸ்க்கோடு அத்தையின் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். கிளிப்பில் எண் கொஞ்சம் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. வெயில் சந்துச் சுவரை விட்டுப் போகிற நேரத்தில் அது ஏறவே இல்லை. நெற்றியில் கை வைத்தாள், சுட்டது.

"காலையில புரை ஏறலைம்மா," என்றாள் அத்தை. "நேத்தே தொண்டை கரகரன்னு இருந்துச்சு. மாஸ்க்குக்குள்ள மறைச்சுட்டேன். சொன்னா நீ அவரை என் பக்கத்துலயே விட மாட்டியோன்னு..."

மருமகள் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். காலையில்தான் புகார் கேட்ட அதே குரல். இப்போது முகவரி சொல்லவே தடுமாறியது.

வண்டி வந்தது. மாஸ்க்கும் கையுறையும் போட்ட இரண்டு பேர் அத்தையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, அவள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டினார்கள். மூக்கும் வாயும் பிளாஸ்டிக்குக்குள் போயின. கூட யார் வருகிறது என்று கேட்டார்கள். காய்ச்சல் உள்ளவர்கள் வரக் கூடாதாம். ஆக, மருமகள்தான்.

வாசல் அறையின் சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் மாமாவும் பிள்ளையும் நின்றிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் அதைக் கடக்கும்போது அத்தை கையைத் தூக்கினாள். நிறுத்தினார்கள். அவள் தலையைத் திருப்பி, ஜன்னலைப் பார்த்து, வழக்கம் போல உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசினாள். பக்கத்தில் நின்ற மருமகளுக்கு மட்டும், மூச்சோடு மூச்சாகக் கேட்டது.

"உங்க தப்பில்ல. நான்தான் கழட்டினேன்."

மாமா சட்டைக் கையால் ஜன்னலைத் துடைத்தார். தன் கண்ணாடியைத் துடைத்தார். நெற்றி ஜன்னலில் முட்ட, முன்னால் குனிந்து பார்த்தார். ஆவி படிந்திருந்தது ஜன்னலிலும் இல்லை, மூக்குக்கண்ணாடியிலும் இல்லை. அத்தையின் வாயை மூடியிருந்த பிளாஸ்டிக்கின் உட்பக்கம் வெள்ளையாகியிருந்தது. அதற்குள் என்ன அசைந்ததென்று யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் தலையை ஆட்டினார். 'சரி' என்கிற அதே ஆட்டம்.

அத்தையின் கை தளர்ந்து இறங்கியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்ற நிம்மதியில் கண்ணை மூடிக்கொண்டாள். புரியவில்லை என்பது மருமகள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளினார்கள். "சீக்கிரம் ஏறுங்கம்மா!" என்றார் ஆம்புலன்ஸ்காரர். அவள் ஏறவில்லை. ஜன்னலுக்கு ஓடினாள். கண்ணாடிக்கு நேரே நின்று மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கினாள். "ஏம்மா, மாஸ்க்கைப் போடுங்க!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவள் திரும்பவில்லை. இந்த வீட்டில் ரிப்பீட்டுக்கு வேறு ஆள் இல்லை.

"மாமா. அத்தை சொன்னாங்க," என்று ஒவ்வொரு வார்த்தையாக உதட்டில் எடுத்து வைத்தாள். "உங்க தப்பில்லையாம். அவங்கதான் கழட்டினாங்களாம்."

மாமா அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடத் தவறவில்லை என்று அவர் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் தலை ஆடுவதற்காக அவள் காத்திருந்தாள். அவர் தன் மாஸ்க்கைக் கீழே இழுத்தார். இத்தனை நாளில் அவளிடம் பேசுவதற்காகவே அவர் முகத்தைத் திறந்து காட்டுவது இதுதான் முதல் தடவை. வண்டியின் எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் அவர் உதட்டைப் பார்த்தாள்.

"சரியில்லம்மா," என்றது அது. "சரியில்ல."

பின்னால் வண்டிக்குள்ளிருந்து அத்தை இருமுகிற சத்தம் கேட்டது. நிற்காத இருமல். மெக்கானிக் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவருக்கு அந்த இருமல் கேட்கவில்லை, அவர் மருமகளின் முகத்தில்தான் அதைப் பார்த்தார். அவள் சட்டென்று மாஸ்க்கை ஏற்றி முகத்தை மூடிக்கொண்டு வண்டியை நோக்கி ஓடினாள்.